லெஸ்கோவாவில் மூத்தவன் யார்

மேல் லெஸ்கோவா
3 பிப்ரவரி 2008

அன்புள்ள தம்பி வெலினுக்கு,

அண்ணன் ரங்கெல் எழுதுகிறேன். ஆமாம், நானேதான். யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை. நாற்காலியிலிருந்து விழுந்துவிடாதே. விழுந்தால் பக்கத்து வீட்டு பெனா வந்துதான் தூக்க வேண்டும். வந்தால் அவள் சாயங்காலம் வரை பேசுவாள். உனக்கு அது கேட்காது என்பது ஒன்றுதான் நல்ல விஷயம்.

காய்ச்சல் வந்து உன் காதுகளைக் கொண்டுபோன நாளிலிருந்து நான் படும் பாடு உனக்குத் தெரியாது. அறுபது வருடமாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கத்துவேன், அந்தப் பக்கம் நின்று நீ கத்துவாய். யார் செத்தார்கள், எந்த ஆடு குட்டி போட்டது, எல்லாம் அப்படித்தானே பேசிக்கொண்டோம். இப்போது நான் கத்தினால் இரண்டு நாட்டுக்கும் கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை. போன வருடம் உங்கள் டிசம்பர் கிறிஸ்துமஸ் முடிந்து எங்கள் ஜனவரி கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஒரு நாள் உன் புகைபோக்கியில் தீப்பொறி பறந்தது. "வெலின், கூரை பத்திக்கப் போகுது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீ தொப்பியைத் தூக்கி எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

அதைப் பார்த்து எல்லைக் காவல் ஏட்டு ஒப்ராட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஓய்வுபெறும் வயதில் இந்த மலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று தினமும் புலம்புவானே, அந்தத் தடியன்தான்.

"பெரியவரே, நீங்க கத்துறது எங்க தலைமை ஆபீஸ் வரைக்கும் கேக்குது. ஒரு லெட்டர் போடுங்களேன்."

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் ஏட்டய்யா வேலியில தொங்கிக்கிட்டு நிக்கிறேன்?"

"அது என்ன பெரிய வித்தையா? இந்த வருஷப் பாலாடைக்கட்டியில எனக்கு ஒரு பங்கு குடுங்க, சொல்லித்தரேன்."

இப்படித்தான் ஆரம்பித்தது. அவன் வாத்தியார் இல்லை, நான் நல்ல மாணவனும் இல்லை. ஆனால் வெலின், இது எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா! சொல்லை வைத்த இடத்தில் வைத்தால் அது அங்கேயே நிற்கிறது. ஆடு மாதிரி ஓடுவதில்லை. காலையில் எழுந்து பார்த்தாலும் அங்கேயே இருக்கிறது. பென்சிலை ஆட்டுக் கத்தியால் சீவுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு சாயங்காலம் ஆகிறது. கை வலிக்கிறது. வலித்தாலும் நிறுத்த மனம் வரவில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் எரிச்சலாக இருக்கிறது. இதை எழுதும்போதே ஜன்னல் வழியாக உன் வீட்டுப் புகை தெரிகிறது. என்ன சமைக்கிறாய் என்றுகூட மூக்குக்கு எட்டுகிறது. இந்தக் கடிதமோ பெல்கிரேடுக்குப் போய், அங்கிருந்து சோஃபியாவுக்குப் போய், மலை ஏறி உன்னிடம் வர மூன்று வாரம் ஆகுமாம். நான் எழுபத்தெட்டு வயது வரை பார்க்காத இரண்டு தலைநகரங்களை இந்தத் தாள் பார்த்துவிடும். வேலி மேல் வீசிவிடலாமே என்றேன். "எல்லை தாண்டி எறிஞ்சா அது கடத்தல்" என்கிறான் ஏட்டு. கம்பி துருப்பிடித்துவிட்டது, சட்டம் மட்டும் துருப்பிடிக்க மாட்டேன் என்கிறது.

பதில் எழுது. பெரிய எழுத்தாக எழுது. உன் பள்ளிக்கூடத்துச் சங்கிலி எழுத்தெல்லாம் என்னிடம் வேண்டாம்.

உன் அண்ணன்
ரங்கெல்

•

கீழ் லெஸ்கோவா
27 பிப்ரவரி 2008

அன்புள்ள தம்பி ரங்கெலுக்கு,

உன் கடிதம் வந்தது. அடுப்பங்கரையில் நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது. அதற்கும் நீதான் காரணம்.

சந்தோஷப்பட்டேன் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்ட மனிதன் முதல் வேலையாக என்ன செய்கிறான்? என்னைத் திட்டுகிறான். அது போகட்டும். ஒன்றுக்கு இரண்டு இடத்தில் 'அண்ணன்' என்று எழுதியிருக்கிறாய். முதல் கடிதத்திலேயே பொய் வேண்டாம். நான்தான் முதலில் பிறந்தேன். அத்தை சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துவிட்டது. அப்போது காது இருந்தது.

கூரையில் ஒரு மூலை எரிந்தது. நீ வாழ்த்துகிறாய் என்று நினைத்தேன்.

இப்போது முக்கியமான செய்தி. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகப் படி. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் செலவில் மலை ஏற வருகிறவர்களுக்காக ஊர் வரலாற்றைப் பலகையில் எழுதி வைக்கப் போகிறார்களாம். எல்லை வேலியின் மேற்கு வாசல் பக்கத்தில் அதை நடுகிறார்கள். இயேசு வானேறிய விண்ணேற்ற நாள் அன்று, ஜூன் ஐந்தாம் தேதி, திறப்பு விழா. அன்றைக்கு இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒத்துக்கொண்டு, பட்டாளத்தார் பயன்படுத்திய மேற்கு வாசலையும் கிழக்கு வாசலையும் காலையிலிருந்து நான்கு மணி வரை திறந்து வைக்கிறார்கள். வீசா வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

புரிகிறதா? வட்டத்தை முடிக்கலாம், ரங்கெல். நாற்பத்தெட்டில் கம்பி வந்த பிறகு நீங்கள் உங்கள் பாதியைச் சுற்றிவிட்டு வேலியோடு திரும்புகிறீர்கள், நாங்கள் எங்கள் பாதியைச் சுற்றிவிட்டு வேலியோடு திரும்புகிறோம். ஊரைச் சுற்றிச் சிலுவை முழுதாகப் போய் அறுபது வருடம் ஆயிற்று. வட்டம் காக்காத ஊரில் ஆலங்கட்டி மழை ஏன் வராமல் இருக்கும்? போன கோடையில் என் பிளம் மரங்களில் இலைகூட மிஞ்சவில்லை. இனி ஒரு வாய்ப்பு வருமா, வந்தாலும் நாம் இருப்போமா, தெரியாது. இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணினால் இன்னும் புகை வருகிற வீடுகள் எத்தனை என்று உனக்கே தெரியும்.

பலகைக்கு நான் சொல்லிக் கொடுத்தது இதுதான்:

"கொள்ளைநோய்க் காலத்தில் சொதிர், ஸ்த்ராஹில் என்ற இரட்டைச் சகோதரர்கள், ஒரே பசு ஈன்ற இரட்டைக் காளைகளைப் பூட்டி, ஒரு வார்த்தை பேசாமல் ஊரைச் சுற்றி உழுது நோயை வெளியே நிறுத்தினார்கள். அந்த உழவுசால் போன வழியில் கற்கள் நடப்பட்டன. ஆண்டுதோறும் விண்ணேற்ற நாளில் ஊரார் அந்த வழியே சிலுவை எடுத்துச் சென்றார்கள். முதல் பெரும் போருக்குப் பின் ஊரின் நடுவே எல்லை ஏற்பட்டது. ஊரின் கடைசி இரட்டையர்களான வெலின் (மூத்தவர்), ரங்கெல் (இளையவர்) இருவரும் எல்லையின் இரு புறமும் வாழ்ந்து வருகிறார்கள்."

நன்றாக இருக்கிறது அல்லவா?

உன் அண்ணன்
வெலின்

•

மேல் லெஸ்கோவா
22 மார்ச் 2008

தம்பி வெலினுக்கு,

நன்றாக இல்லை.

உன் பலகையை மூன்று சாயங்காலம் படித்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு புதுக் கோபம் வந்தது. வரிசையாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தால் பென்சில் தீர்ந்துவிடும், வந்தபடி சொல்கிறேன்.

'எல்லை ஏற்பட்டது' என்று எழுதியிருக்கிறாய். அது என்ன முகப்பருவா, தானாக ஏற்பட? தொப்பி போட்ட ஆட்கள் மேசையும் நாற்காலியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மழை பிடித்தது. நம் தாத்தாவின் ஆட்டுப்பட்டியில் ஒதுங்கி, தாத்தாவின் பிளம் சாராயத்தைக் குடித்துவிட்டு, மழையில் மேலே ஏறிப்போய் மலைமுகட்டைப் பார்க்கச் சோம்பல்பட்டு, இந்தச் சந்தோடு கோடு போதும் என்று போட்டுவிட்டுப் போனார்கள். தாத்தா சாகும் வரை அதைத்தான் சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டார். "நான் அவங்களுக்குச் சாராயம் குடுத்திருக்கக் கூடாதுடா. தண்ணியக் குடுத்திருந்தா குளிர்ல ஓடியிருப்பானுங்க." இதைப் பலகையில் போடு.

கம்பிவேலி எங்கே? பலகையில் அது இல்லவே இல்லை! அது வந்த அன்று நீ அத்தை வீட்டில் புல் அறுத்துக்கொண்டிருந்தாய், நான் இங்கே ஆட்டுக்கு மயிர் கத்தரித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சாப்பிட வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். சோளக்களி உனக்காக மூடி வைத்திருந்தது.

அப்பாவின் சாவும் இல்லை. பட்டாளத்தார் உன்னை விடவில்லை. நாங்கள் நான்கு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலி வரை வந்து, நீ முகம் பார்க்கட்டும் என்று தலைப்பக்கத்தை உயர்த்திப் பிடித்தோம். அப்பா ஏதோ எட்டிப் பார்ப்பது போல இருந்தார். நீ அந்தப் பக்கம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாய். ஒரு பட்டாளத்துப் பையன் அழுதான், அவன் அதிகாரி அவனை அடித்தான். மலை ஏற வருகிற வெள்ளைக் கால்சட்டைக்காரர்களுக்கு இது வேண்டாமோ?

இதையெல்லாம் விட்டுவிட்டு அடைப்புக்குறிக்குள் 'இளையவர்' என்று போட மட்டும் இடம் இருந்திருக்கிறது. ஏட்டிடம் அதைக் காட்டினேன். அவன் வாய்விட்டுப் படித்தான், "இளையவர்." அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சொல்லப்போனா நீங்கதான் பெரியவரே கொஞ்சம் இளமையா தெரியிறீங்க" என்றான். அவனுக்கு இந்த மாதம் பாலாடைக்கட்டி கிடையாது.

வட்டத்தை முடிக்க வேண்டும். அதில் எனக்கும் உனக்கும் சண்டை இல்லை. பலகையைத் திருத்து.

உன் அண்ணன்
ரங்கெல்

•

கீழ் லெஸ்கோவா
12 ஏப்ரல் 2008

தம்பி ரங்கெலுக்கு,

எழுதக் கற்றுக்கொடுத்த அந்த ஏட்டை எந்த அதிகாரியிடம் சொல்லி மாற்றச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்னதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'பலகை சிறியது ஐயா. சோகம் வேண்டாம்.' நான் என்ன செய்ய? மலை என் சொத்தா, ஒன்றியம் என் மாமனாரா? தாத்தாவின் சாராயத்தைப் போட்டால் எல்லைத் தகராறு என்பார்களாம். அப்பாவைப் போட முடியாது என்று எழுதிக் காட்டியபோது நான் எழுந்து வெளியே போய் விறகு பிளந்தேன். உனக்கு மட்டும்தான் அப்பா இருந்தாரா?

மூத்தவன் விஷயம் வேறு. அதைத் திருத்த மாட்டேன். காரணம் வேண்டுமா, கேள். பிரசவத்தின்போது முதலில் வந்த பிள்ளையின் மணிக்கட்டில் அத்தை சிவப்பு நூல் கட்டினாள். அது என் மணிக்கட்டு. அத்தையே சொன்னாள். சரி, அத்தையை நம்பாதே, அப்பாவை நம்பு. ஏழு வயதில் நம் இருவரில் ஒருவனைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடியும் என்ற நிலை வந்தது. மேலே பள்ளி இல்லை, கீழே அத்தை வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும். யாரை அனுப்பினார்? என்னை. எந்த வீட்டிலாவது மூத்தவனை ஆடு மேய்க்க விட்டுவிட்டு இளையவனைப் படிக்க வைப்பார்களா?

இதையெல்லாம் நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. வழக்கம் உனக்குத் தெரியும். ஊரில் இரட்டையர் இருந்தால் சிலுவை மூத்தவன் கையில். இளையவன் ரொட்டியோடு பின்னால். அறுபது வருடம் நீ அங்கே ஒரு சிலுவை தூக்கினாய், நான் இங்கே ஒரு சிலுவை தூக்கினேன், வேலி இருந்ததால் யாரும் கேட்கவில்லை. இப்போது வாசல் திறக்கிறது. ஒரு வட்டத்துக்கு முன்னால் இரண்டு பேர் போக முடியாது.

ஆகையால் இப்படிச் செய்வோம். நீ கிழக்குக் கல்லிலிருந்து கிளம்பி, உன் பாதியைச் சுற்றிக்கொண்டு மேற்கு வாசலுக்கு வா. நான் கீழிருந்து ஏறி அங்கே வருகிறேன். நீ உன் சிலுவையைக் கல்லின் மேல் சாய்த்துவிட்டு, ரொட்டியை வாங்கிக்கொண்டு என் பின்னால் வா. எல்லோரும் சேர்ந்து கீழ்ப்பாதியைச் சுற்றிக் கிழக்குக் கல்லில் போய் முடிப்போம். முடிந்ததும் நீ கிழக்கு வாசல் வழியாக உன் வீட்டுக்குப் போகலாம்.

சிலுவை எடுத்ததிலிருந்து வட்டம் முடியும் வரை இரட்டையர் இருவரும் வாயைத் திறக்கக் கூடாது, மறந்துவிடாதே. வாழ்க்கையில் ஒரு நாளாவது உன்னிடமிருந்து எனக்கு அமைதி கிடைக்கும் என்று பார்த்தால், காது போன பிறகு கிடைக்கிறது.

உன் அண்ணன்
வெலின்

•

மேல் லெஸ்கோவா
2 மே 2008

வெலினுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத நான்கு சாயங்காலம் ஆனது. இரண்டு தாளை அடுப்பில் போட்டேன்.

நீ பள்ளிக்குப் போன அன்று காலையில் அத்தை உனக்குப் புதுச் சட்டை கொண்டுவந்தாள். நான் வாசலில் நின்று அழுதேன். எனக்கும் போக வேண்டும் என்று மண்ணில் புரண்டேன். அப்பா என்னை அடிக்கவில்லை. ஆட்டுக்கோலை எடுத்து என் கையில் கொடுத்து, மேய்ச்சல் மேட்டுக்கு என்னோடு தானும் ஏறி வந்தார். அங்கே உட்காரவைத்துச் சொன்னார்: "அவன் சின்னவன்டா. அவனால ஓநாயப் பாத்துக்க முடியாது. நீ பெரியவன், உன்ன நம்பித்தான் மந்தைய விடுறேன்."

அன்றோடு அழுகையை நிறுத்தினேன். அதற்குப் பிறகு எத்தனை வருடம்! பட்டாளத்தில் எல்லோரும் வீட்டுக்கு எழுதுவார்கள், நான் அடுத்தவனிடம் போய் நிற்பேன். ஸ்தானா என்னைக் கட்டிக்கொண்டபோது சர்ச்சுப் புத்தகத்தில் கட்டைவிரலை அழுத்தினேன். அவள் செத்தபோதும் அதே விரல். கல்லறைக் கல்லில் அவள் பெயர்தானா இருக்கிறது என்று கொத்தனிடம் இரண்டு முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்குள் சொல்லிக்கொள்வேன்: பரவாயில்லை, நீ பெரியவன், அதனால்தான்.

இப்போது நீ காரணம் சொல்கிறாய். மூத்தவனைத்தான் படிக்க வைப்பார்களாம்.

அப்படியென்றால் நான் எதற்காக மேட்டுக்குப் போனேன்? சும்மாவா?

நான் பின்னால் வர மாட்டேன். என் சிலுவையைக் கல்லில் சாய்க்கவும் மாட்டேன். வட்டம் வேண்டுமானால் வேறு இரட்டையரைத் தேடிக்கொள். ஆலங்கட்டி விழுந்தால் விழட்டும், எனக்குப் பிளம் மரம் ஒன்றுதான் இருக்கிறது.

ரங்கெல்

•

கீழ் லெஸ்கோவா
24 மே 2008

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இது உன் கைக்கு எப்போது வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விண்ணேற்ற நாளுக்குள் வராது. இருந்தாலும் எழுதுகிறேன். உன் வீட்டைப் பார்த்துக் கையை ஆட்டி இதைச் சொல்ல முடியாது. நேற்று வேலியருகே நின்று ஆட்டிப் பார்த்தேன். நீ கதவைச் சாத்திக்கொண்டாய்.

அப்பா அத்தை வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போனபோது நானும் அழுதேன், உனக்குத் தெரியாது. புதுச் சட்டையின் கையில் மூக்கைத் துடைத்ததற்கு அத்தை ஒரு அறை கொடுத்தாள். வீட்டுக்குத் திரும்பிப் போகிறேன், ரங்கெலோடு ஆடு மேய்க்கிறேன் என்று அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அப்பா குனிந்து என் காதில் சொன்னார்: "நீ மூத்தவன்டா. மூத்தவன்தான் படிச்சுக் குடும்பத்துக்குப் பேர் வாங்கணும். ரங்கெல் சின்னப் பய, அவனுக்குப் படிப்பு ஏறாது."

இரண்டு அழுகிற பையன்கள், ஒரே ஒரு சமாதானம். அதையே இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நூல் கதையையும் சொல்லிவிடுகிறேன். அத்தை கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது நானாகவே கேட்டேன். சிரித்தாள். "கட்டுனது நெசந்தான். ரெண்டு பேரையும் ஒரே தொட்டியில போட்டுக் குளிப்பாட்டுனேன். பாத்தா நூல் தண்ணில மிதக்குது. யாரு கையிலேர்ந்து கழண்டுதுன்னு யாரு கண்டா?" அதை நான் உன்னிடம் கத்திச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் எனக்கு வசதி.

எனக்கு அந்தச் சமாதானத்துக்குப் பதிலாகப் பள்ளிக்கூடமும் கிடைத்தது. உனக்கு அது மட்டும்தான் கிடைத்தது. ஆகவே அதை நீயே வைத்துக்கொள். நான் மூத்தவன் இல்லை.

நீ வந்தால் வாசலில் என் சிலுவையை உன் பக்கம் நீட்டுவேன். வாங்கிக்கொண்டு முன்னால் நட. பேச முடியாது, நீட்டுவதைப் பார்த்தே புரிந்துகொள். வராவிட்டால் நான் அங்கேயே நிற்பேன், நான்கு மணி வரை.

உன் தம்பி
வெலின்

•

உன் சமையலறை, கீழ் லெஸ்கோவா
16 ஜூன் 2008

வெலினுக்கு,

என்ன எழுதுகிறான் என்று எட்டிப் பார்க்காதே. முடித்துவிட்டுத் தருகிறேன். நீ பீன்ஸை உரி.

உன் காது இப்படி இருக்கும்போது மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. இதற்கு மூன்று வாரம் ஆகாது என்பது ஒரு ஆறுதல். விண்ணேற்ற நாள் அன்று நீ இருந்தாய், ஆனால் ஒன்றையும் கேட்கவில்லை. ஆகவே அன்று யார் என்ன சொன்னார்கள் என்பதை உனக்கு எழுதிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் நீ உன் இஷ்டத்துக்கு ஒரு வரலாறு எழுதிப் பலகையில் போட்டுவிடுவாய்.

அன்று காலை நான் வரவில்லை என்று முடிவு செய்து ஆட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏட்டு வந்தான். "பெரியவரே, சிலுவைய எடுங்க. நீங்க எடுக்கலேன்னா மேல மிச்சம் இருக்குற அந்த ரெண்டு கிழவிகளும் என்ன எடுக்கச் சொல்லுவாங்க. நான் சமவெளிக்காரன், எனக்கு மேடு ஏறுனா மூச்சு வாங்கும்." அவன் முகத்துக்காகத்தான் எடுத்தேன். வாசல் வரை போவது, அங்கே அசையாமல் நிற்பது, அதுதான் என் திட்டம்.

நீ கீழிருந்து வந்தாய். நமக்கு நடுவில் கம்பி இல்லாமல் உன்னை இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை காலம்! எவ்வளவு குள்ளமாகிவிட்டாய்! நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீ சிலுவையை என் நெஞ்சில் கொண்டுவந்து இடித்தாய். நீட்டினேன் என்கிறாய். அது நீட்டல் இல்லை, இடி. வழிவிடு என்று தள்ளுகிறாய் என்று நினைத்தேன். நானும் என் சிலுவையால் உன்னைத் தள்ளினேன். வாயைத் திறக்கக் கூடாதே! இரண்டு பேரும் ஆட்டுக்கடா மாதிரி முட்டிக்கொண்டு நின்றோம்.

ஏட்டு கேட்டான்: "என்னங்க இது, சிலுவைய வச்சிச் சண்டை போடுறாங்களா?"

உன் பெனா உங்கள் சர்ச்சுச் சாமியாரிடம் சொன்னாள்: "சின்ன வயசுலயும் இப்படித்தான். கரண்டிய வச்சிக்கிட்டு முட்டிக்குவானுங்க. சாமியாரே, அவங்கள விடுங்க, பசிச்சாத் தானா நிறுத்துவானுங்க."

பலகைக்காரி ஒன்றும் புரியாமல் கைதட்டினாள். இதுவும் வழக்கம் என்று நினைத்துவிட்டாள். அவளோடு வந்தவன் படமெடுத்தான்.

அப்போதுதான் அவள் டிரைவர் வண்டியைப் பின்பக்கமாக எடுத்தான், நேராக உன் முதுகைப் பார்த்து. "வெலின் தள்ளு! ஏய் வெலின்!" என்று ஊரே கத்தியது. ஹாரன் அடித்தான். நீ என்னையே முறைத்துக்கொண்டு நிற்கிறாய், உலகத்தில் வேறு ஒன்றும் இல்லாதது போல. என் சிலுவையைக் கல்லில் சாய்த்துவிட்டு உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை.

அதற்குப் பிறகு என்ன செய்யச் சொல்கிறாய்? நான் முன்னால் போனால் என் பின்னால் ஒரு செவிடன் வருகிறான். விழுந்தால் எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் இவன் பள்ளத்தில் கிடப்பான், கூப்பிட்டாலும் கேட்காது. அதனால்தான் உன்னைப் பிடித்துத் திருப்பி முன்னால் விட்டேன். பெனாவிடமிருந்து ரொட்டியை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். வழியெல்லாம் உன் குதிகாலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு செருப்பில் ஆணி எழுந்திருக்கிறது, அடித்துக்கொள்.

நீ ஒவ்வொரு பிளம் மரத்தின் முன்னாலும் நின்று தடவிக்கொண்டிருந்தாய். கிழக்கு வாசலுக்கு வந்தபோது நான்கு மணி தாண்டிவிட்டது. உங்கள் பக்கத்துக் காவல்காரன் பூட்டைப் போட்டுவிட்டான். திறக்க வேண்டுமானால் தலைநகரத்திலிருந்து தாள் வர வேண்டுமாம். கல்லோ வேலிக்கு அந்தப் பக்கம். நீ வாயைத் திறக்கப் போனாய், நான் கையால் பொத்தினேன். அறுபது வருடம் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தையில் போயிருக்கும். பிறகு நீ குனிந்து சிலுவையைக் கம்பியின் ஓட்டைக்குள் விட்டாய், எட்டவில்லை. மறுபக்கம் ஏட்டு முட்டிபோட்டு, "குடுங்க, குடுங்க, இன்னும் கொஞ்சம், மூச்சு வாங்குது" என்று சொல்லிக்கொண்டே அதன் நுனியைப் பிடித்து இழுத்துக் கல்லில் தொட வைத்தான். தொட்டதும் தொப்பியைக் கழற்றினான். அவன் ஊர் வழக்கம்கூட இல்லை இது.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டான். "முடிஞ்சிருச்சு ஏட்டய்யா" என்றேன். அதுதான் அன்று நான் பேசிய முதல் வார்த்தை. நீ அப்போது என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியும், அதை எழுத மாட்டேன்.

அன்றிலிருந்து உன் வீட்டில் இருக்கிறேன். என் ஆடுகளை ஏட்டு கறக்கிறான். காலையில் அவன் திட்டுவது இங்கே வரை கேட்கிறது. உனக்குக் கேட்காது, கேட்டால் சந்தோஷப்படுவாய்.

நேற்று அவன் வேலியருகே வந்து, எனக்கு வந்த உன் கடிதத்தை ஒரு குச்சியில் செருகி நீட்டினான். "இது கடத்தல் இல்லையா ஏட்டய்யா?" என்றேன். "நான் எதையும் பாக்கல" என்று வானத்தைப் பார்த்தான். நீ கோழிக்குத் தீனி போடும் சாக்கில் வெளியே போய்விட்டாய். நேற்று முழுக்க நீ உள்ளே வரவில்லை, கவனித்தேன்.

படித்துவிட்டேன், வெலின். முதல் வரியை நிறைய நேரம் படித்தேன். நீ பெரிய எழுத்தாகத்தான் எழுதியிருந்தாய். இருந்தும் படிக்க நேரம் ஆனது.

அப்பா கெட்டிக்காரர். இவ்வளவு நாள் இரண்டு பேரையும் ஏமாற்றியிருக்கிறார். கோபம் வரவில்லை. மேட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் குரல் நடுங்கியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஆக இப்போது நிலைமை இது. ஊரும் சாமியாரும் பார்க்க நீ முன்னால் போனாய், நான் ரொட்டியோடு பின்னால் வந்தேன். படம் வேறு எடுத்துவிட்டார்கள். ஆகவே ஊருக்கு நீ மூத்தவன். பலகையைத் திருத்த வேண்டாம். உன் கடிதத்தில் நான் மூத்தவன். அந்தக் கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது, திருப்பித் தர மாட்டேன்.

ஆலங்கட்டி இன்னும் விழவில்லை. ஜூலை போகட்டும், பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. நீ கோழிகளோடு இருந்தபோது பலகைக்காரி வந்தாள். என் தாள் தலைநகரத்திலிருந்து வந்துவிட்டதாம், வியாழக்கிழமை வாசலைத் திறந்து என்னை அந்தப் பக்கம் விடுவார்களாம். உரக்கத்தான் சொன்னாள். நான் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "என்னது? என்னது?" என்றேன். மூன்று முறை கத்திப் பார்த்தாள். பிறகு பெனாவிடம், "இவருக்கும் போச்சா? பாவம், இரட்டையராச்சே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

பீன்ஸில் உப்பு குறைவாகப் போடுகிறாய். இன்றைக்கு நான் போடுகிறேன். பதில் எழுதி மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளு.

உன் அண்ணன்
ரங்கெல்